ஈரத்துக்கு இரண்டு கிலோ

சின்ன துரை நடப்பதுபோல நடந்து காட்டப்போய்த்தான் என் கை ஒடிந்தது. பின்னால் வருகிற அத்தனை கூத்துக்கும் அதுதான் தொடக்கம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இலங்கை மலைநாட்டு ஊவாவில், பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, பெண்கள் பறித்துவரும் கொழுந்துப் பையைத் தராசுக் கொக்கியில் மாட்டி, எடையை எழுதுவது என் வேலை. எழுதும்போது ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிக்க வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று அதற்குப் பெயர். ஆடி மாதத்து வறண்ட கச்சான் காற்றில் கொழுந்து அப்பளம்போலச் சலசலத்தாலும் ஈரத்துக்கு இரண்டு கிலோ. இது என் கண்டுபிடிப்பு அல்ல. எனக்கு முன்னே இருந்தவர் முறைத்துக்கொண்டு கழித்தார். நான் சிரிப்புக் காட்டிக்கொண்டே கழித்தேன். அதனால் என்னை நல்லவன் என்றார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாலை. மழை விட்ட நேரம். எங்கள் உதவி மானேஜர் சின்ன துரை மடுவத்துக்கு வந்து, இடுப்பில் கைவைத்து, கொக்குபோல இரண்டு நடை நடந்துவிட்டுப் போனார். அவர் ஜீப் வளைவைத் தாண்டியதும் நான் அதேபோல் நடந்தேன். பெண்கள் சிரித்தார்கள். சிரித்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. மூன்றாவது நடையில் பாசி பிடித்த படி வழுக்கி, கான் என்று நாங்கள் சொல்லும் கல்வடிகாலுக்குள் இடப்பக்கமாக விழுந்தேன். 'படக்' என்றொரு சத்தம். யாரோ காய்ந்த தேயிலை மிலார்க் குச்சியை முறித்த மாதிரி. முறிந்தது நான் என்று புரிய இரண்டு நொடி ஆனது. அதுவரை பெண்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அதுவும் நடிப்பு என்று நினைத்துவிட்டார்களாம்.

தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு வைத்திய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், மெதுவான பேச்சு. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒற்றை எலும்பு, குறுக்கே ஒரு கோடு.

"பயப்பிடாதேங்கோ. இந்த எலும்பு நல்ல எலும்பு. பத்துப் பேரில ஒன்பது பேருக்குத் தானாய் ஒட்டும்," என்றார்.

"அந்தப் பத்தாவது ஆளு இப்ப வெளிய நிக்கிறாருங்களா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மேற்கையிலிருந்து மணிக்கட்டுவரை மாவுக்கட்டுப் போட்டு, முழங்கையை மடக்கி, கழுத்திலிருந்து ஒரு பட்டியில் தொங்கவிட்டார்கள். இதற்குத் தொங்கு கட்டு என்று பெயர். கட்டின் பாரமே எலும்பை மெல்லக் கீழே இழுத்து, நேராகப் பிடித்துவைக்கும். படுக்கக்கூடாது, சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கவேண்டும்.

"இது தொங்க வேணும். தலையணையில தாங்கவும் கூடாது, மேலால பாரம் போடவும் கூடாது. எவ்வளவு பாரம் தேவையோ, அதைக் கணக்காய்ப் பார்த்துத்தான் மாவில போட்டிருக்கு. விளங்குதோ?"

"விளங்குதுங்க," என்றேன். எடை விஷயத்தை எனக்கா சொல்லித்தர வேண்டும்?

ஒடிந்தது இடது கை. எழுதுகிற கை நன்றாகத்தான் இருந்தது. அதனால் மூன்று வாரத்தில் மடுவத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். நோவு குறைந்திருந்தது. அதுதான் கெட்ட காலத்தின் தொடக்கம்.

கடைசி நிரை பறிக்கும்போது பெரிய பை நிறைந்துவிட்டால், மிச்சத்தைப் பெண்கள் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒருநாள் பாக்கியக்கா அதை வைக்க இடமில்லாமல் நின்றாள். பாக்கியக்கா எங்கள் மலையின் மூத்த கொழுந்துக்காரி. ஐம்பது வயது, நூறு வயதுக்கான வாய். நான் என் மாவுக்கட்டை நீட்டினேன்.

"இங்க மாட்டுக்கா. இன்னைக்குப் புதுத் தராசு."

அவள் சிரித்துக்கொண்டே என் மடங்கிய முழங்கையில் பையை மாட்டினாள். நான் கண்ணை மூடி, முள் ஆடி நிற்பதுபோலத் தலையை ஆட்டி, "ரெண்டே முக்கால்!" என்று கத்தினேன். நிஜத் தராசில் போட்டார்கள். ரெண்டே முக்கால்.

அப்புறம் கேட்கவேண்டுமா? வரிசையில் நின்று மாட்டினார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து பை, இருபது பை. நான் ஒரு தடவைகூடக் கால் கிலோவுக்குமேல் தவறவில்லை. வலிக்கவும் இல்லை. கை கீழே இழுபடும்போது சுகமாகக்கூட இருந்தது. "இந்தத் தராசுல ஈரத்துக்குக் கழிக்க மாட்டியே கணக்கப்புள்ள?" என்று பாக்கியக்கா கேட்பாள். "தராசு வேற, சட்டம் வேற," என்பேன். மறுபடி சிரிப்பு. ஐந்து வாரம் இந்தத் திருவிழா நடந்தது.

என் மனைவி இந்திராணி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. யாரோ சொல்லி, ஒருநாள் வந்து பார்த்தாள். "ஒங்களுக்குப் புத்தி மழுங்கிப் போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அன்று இரவு என்னோடு பேசவில்லை. நானும், அவள் பேசாமல் இருப்பதைப்போல நடித்துக் காட்டி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

மாவுக்கட்டை வெட்டிய அன்று டாக்டர் என் கையைப் பிடித்து இலேசாக அசைத்தார். தோளும் அசையவில்லை, முழங்கையும் அசையவில்லை. இரண்டுக்கும் நடுவில், அசையக்கூடாத இடத்தில் அசைந்தது. வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். என் கைக்குள் இன்னொரு முழங்கை முளைத்திருந்தது.

துணிப்பட்டியும் தோல் உறையும் போட்டு இன்னும் சில மாதம் பார்த்தார்கள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் விடியுமுன் பஸ் ஏறவேண்டும். அப்போது யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஒருநாள் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, துப்பாக்கியோடு வந்து என் தோல் உறையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டான். வழக்கமாக என் வாயில் அந்த இடத்தில் சிரிக்கவைக்க ஒரு பகிடி வந்து நிற்கும். வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். "எலும்பு," என்றேன். அவன் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தான். ஒடிந்த எலும்பு ஒட்டாமல் இருப்பதும் ஒரு குற்றம்போல இருந்தது எனக்கு.

கிளினிக் பெஞ்சில் காத்திருக்கும்போது என்னைச் சுற்றி இருப்பவர்களின் கைகால்களை எண்ணுவேன். யாருக்காவது ஒன்று குறைந்தால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. இந்திராணி ரொட்டியையும் கட்டச் சம்பலையும் வாழை இலையில் சுற்றிக் கொடுத்திருப்பாள். ஒரு கையால் இலையை விரிக்க முடியாது என்று, நூல் கட்டாமல், ஈர்க்கு குத்தி வைத்திருப்பாள். பேச்சு குறைந்துபோன நாட்கள்தான் அவை. ஆனால் அந்த ஈர்க்கு ஒருநாளும் தவறவில்லை.

எட்டாவது மாதம் டாக்டர் என்னை வார்டில் சேர்த்துக்கொண்டார். புதிய எக்ஸ்ரேயை முதல் எக்ஸ்ரேயோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். கோடு இருந்த இடத்தில் இப்போது ஒரு இடைவெளி. இரண்டு முனைகளும் தீட்டிய பென்சில்போலக் கூர்ந்து போயிருந்தன.

"ஒட்டாத எலும்பு ரெண்டு விதம்," என்றார். "ஒண்டு, ஒட்டப் பாக்கும், முனை யானைக் கால்மாதிரி வீங்கி நிக்கும். அசையாமல் இறுக்கிவிட்டால் காணும், ஒட்டிப்போடும். மற்றது இது. முனை காஞ்சு, சூம்பிப் போச்சு. இதுக்கு ஒட்டுற எண்ணமே இல்லை. தகடு வைச்சு ஆணி அடிச்சாலும் காணாது. நடுவில புது எலும்பு வைக்க வேணும்."

எலும்புக்கு எண்ணம் உண்டென்று அன்றுதான் தெரியும். என் எலும்புக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"ஆனால் ஒண்டு விளங்கேல்லை," என்று அவர் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடைவெளி இவ்வளவு வர நியாயமில்லை. நீங்கள் இந்தக் கையில பாரம் ஏதும் தூக்கினனீங்களோ? ஏதும் தொங்கவிட்டனீங்களோ?"

வார்டில் எட்டுக் கட்டில். இரண்டு நர்ஸ்மார். எல்லோர் முன்னாலும் நான் எப்படிச் சொல்வேன், நான் ஐந்து வாரம் தராசாக இருந்தேன் என்று?

"இல்லீங்க டாக்டர்," என்றேன்.

"புகை?"

"அது... எப்பவாவது." (எப்பவாவது என்றால் ஒரு நாளைக்கு எட்டு.)

"அதை இண்டையோட விடுங்கோ. புகை எலும்பை ஒட்டவிடாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாரம் இல்லையெண்டால், உள்ளுக்குக் கிருமி இருக்கலாம். அல்லது எலும்பிலேயே வேற ஏதும் வருத்தம் இருக்கலாம். அப்பிடியெண்டால் உடன எலும்பு வைக்க ஏலாது. முதல் ஒருக்கா வெட்டி, ஒரு துண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேணும். பிறகுதான் மற்றது."

வேற ஏதும் வருத்தம். அந்தச் சொல்லை அவர் மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை நாலு நாள் தூக்கிக்கொண்டு திரிந்தேன். எனக்குத் தெரியும், அது பொய் நோய் என்று. நோயின் பெயர் ரெண்டே முக்கால் கிலோ. ஆனால் பயத்துக்கு அது தெரியவில்லை. இரத்தம் எடுக்க வந்த நர்ஸின் முகத்தைப் பார்த்து, "எத்தனை மாசம்னு சொல்லிருக்காங்களா மிஸ்?" என்று கேட்டேன். அவள் சிங்களப் பெண். கொஞ்சம் தமிழ் தெரியும். நான் பிரசவத்தைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, வார்டு மாறி வந்திருக்கிறீர்கள் என்றாள்.

என் பக்கத்துக் கட்டிலில் பண்டாரவளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர் ஒருவர். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிந்து ஒரு வருடம். அவருக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே எலும்பு வைத்திருந்தார்கள். உள்ளே கிருமி இருந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லையாம்.

"வச்சதெல்லாம் கரைஞ்சு சீழோட வந்துருச்சுங்க," என்றார், லொறியில் கத்தரிக்காய் அழுகிய கதையைச் சொல்வதுபோல. "கிருமிக்கு எலும்புன்னா கேக்கு மாதிரியாம்."

அவர் கட்டில் பக்கமிருந்து ஒரு வாடை வரும். மருந்து வாடை என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வேன். புதன்கிழமை காலை அவரைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது எனக்குக் கையசைத்தார். மத்தியானம் திரும்பி வந்தபோது போர்வை இடப்பக்கம் முழங்காலோடு நின்று, அதற்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. வாடை போயிருந்தது.

நான் அந்தத் தட்டையான போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை இந்திராணி வந்தாள். டாக்டரும் சுற்றுக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று கொழும்புக்கு அனுப்பும் துண்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"டாக்டர், நா ஒன்னு சொல்லணும்," என்றேன். "நா தராசா இருந்தேங்க."

அவர் இந்திராணியைப் பார்த்தார். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று கேட்கும் பார்வை. அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள்: எத்தனை பை, எத்தனை வாரம், நான் சொன்ன எடை எவ்வளவு சரி என்பதுவரை. அவள் எண்ணி வைத்திருந்தாள்.

டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒவ்வொரு பைக்கும் ரெண்டு முனையும் ஒண்டையொண்டு விட்டு விலகியிருக்கும்," என்றார். "சவ்வு கட்ட வெளிக்கிட, நீங்கள் இழுத்து அறுத்திருக்கிறியள். ஒரு நாளைக்கு இருவது தரம்." பிறகு, "கால் கிலோவுக்கு மேல பிழை வரேல்லையோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு. சிரிப்பாக இருந்திருக்கலாம். இரத்தச் சோதனையில் கிருமிக்கு அடையாளம் இல்லை, இனி ஒரே வெட்டில் எல்லாவற்றையும் செய்யலாம் என்றார்.

எதை நடுவில் வைப்பது என்பதுதான் மிச்சம். அதையும் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார்.

முதலாவது, என் இடுப்பெலும்பின் விளிம்பைச் சுரண்டி எடுத்து வைப்பது. அது உயிருள்ள எலும்பு. போன இடத்தில் வேர் பிடிக்கும். ஆனால் இடுப்பில் இன்னொரு காயம், கையைவிட அதிகம் நோகும். இரண்டாவது, செத்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பு. கொழும்பில் சுத்தம் செய்து, கதிர் பாய்ச்சி, பொட்டலமாக வைத்திருப்பார்கள். இடுப்பில் வெட்டு இல்லை. ஆனால் அதில் உயிர் இல்லை. பந்தல் கால்மாதிரி நிற்கும், என் எலும்பு அதன்மேல் படர்ந்து வரவேண்டும். சூம்பிய முனைக்கு அது தனியாகப் போதுமா என்பது சந்தேகம். மூன்றாவது, எலும்புமாதிரிச் செய்த ஒரு தூள், வெளியில் வாங்கவேண்டும், அதிலும் உயிர் இல்லை. இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் காலில் உள்ள மெல்லிய எலும்பையே ஒரு துண்டு வெட்டி வைப்பதும் உண்டு, எனக்கு அவ்வளவு தேவைப்படாது.

"நானெண்டால் உங்கட இடுப்பைத்தான் எடுப்பன். யோசிச்சுச் சொல்லுங்கோ," என்று எழுந்து போனார்.

யோசித்தேன். பொட்டலம் நல்லது என்று முதலில் பட்டது, இடுப்பில் நோகாது. பிறகு, அது யாருடைய எலும்பு என்ற யோசனை வந்தது. அந்த ஆள் உயிரோடு இருந்தபோது யாரையாவது அடித்த கையாக இருந்தால்? என் கைக்குள் அவன் கை. நான் எழுதும் எடையை அவன் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். இடுப்பு என்றால், இரண்டு இடத்திலும் சீழ் பிடித்து, மேலேயும் கீழேயும் போர்வை தட்டையாகிவிடும். இப்படியே மூன்று நாள், ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் ஒரே சத்தம். பார்த்தால் பாக்கியக்கா. அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் கோயிலுக்குப் போகிற சேலை கட்டியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். இந்திராணி நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பிப் போய், ஆத்திரத்தில் பாக்கியக்காவிடம், "ஒங்க கொழுந்துதான் அவரு எலும்பப் பிச்சு வச்சிருக்கு, இப்ப எலும்பு இல்லாம கெடக்குறாரு," என்று சொல்லியிருக்கிறாள். வேறு ஆளுடைய எலும்பையும் வைக்கலாமாம் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். எங்கள் தோட்டத்தில் யாருக்காவது இரத்தம் தேவைப்பட்டால், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கேட்பார். முன்வந்தவர்களை லொறி ஏற்றிக் கொண்டுபோகும். அதே வழக்கப்படி கங்காணி பெரட்டில் நின்று, "கணக்கப்புள்ளைக்கு எலும்பு குடுக்குறவங்க முன்னுக்கு வாங்க," என்று கூப்பிட்டிருக்கிறார். இவர்கள் முன்னுக்கு வந்திருக்கிறார்கள். ஒருத்தியும் எந்த எலும்பு என்று கேட்கவில்லை.

"என்னக்கா இது?" என்றேன்.

"என்னா என்னக்கா? நாங்கதானே பைய மாட்டுனோம்," என்றாள் பாக்கியக்கா. "காலுல எடுப்பாங்களா, கையில எடுப்பாங்களா? கையின்னா எடது கையில எடுக்கச் சொல்லு. வலது கை கொழுந்துக்கு வேணும்."

"அக்கா..."

"எடுக்குறப்ப ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டு எடுங்கன்னு சொல்லிப்புடாத கணக்கப்புள்ள. எங்ககிட்ட அவ்வளவு இல்ல."

பெண்கள் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில் லொறிக்காரர்கூடச் சிரித்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல பகிடிக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அம்மா, உயிரோட இருக்கிற வேற ஆளின்ர எலும்பை வைச்சாலும் இவருக்கு அது செத்த எலும்புதான். இவரின்ர உடம்பு அதைத் தன்ர எண்டு எடுக்காது. இவரிட்டயே இருக்கு, காணும்," என்றார். பிறகு, "ஆனால் ஒப்பரேசனுக்கு ரத்தம் வேணும். அதைத் தாங்கோவன்," என்றார்.

பதின்மூன்று பேரும் இரத்த வங்கிக்குப் போனார்கள். எடை பார்த்தார்கள். விரலில் குத்தி ஒரு துளி எடுத்துச் சோதித்தார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். பதின்மூன்று பேரில் மூன்று பேரிடம் மட்டுமே எடுத்திருந்தார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கொடுக்கிற அளவு இரத்தம் உடம்பில் இல்லையாம். சிலருக்கு எடையே போதவில்லையாம். பாக்கியக்காவுக்கு இரண்டும் இல்லை.

"மெசின் சரியில்ல," என்றாள் அவள், கோபமாக. "நா முப்பத்தஞ்சு வருசமா மலை ஏறுறேன். எனக்கு ரத்தம் இல்லையாம். நல்லாப் பாக்கச் சொன்னேன். அந்தப் புள்ள தலையத் தலைய ஆட்டுது."

நான் அவள் எடையை ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். அவள் கொழுந்தின் எடையை. அவளுடைய எடையை அன்றுதான் கேட்டேன். முப்பத்தெட்டு கிலோ என்றாள்.

அவர்கள் போனபிறகு நான் நர்ஸைக் கூப்பிட்டு, இடுப்பில் எடுக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். வீரம் என்று நினைக்கவேண்டாம். தியேட்டர் வாசலில் பச்சைத் துணி போர்த்திக் கிடந்தபோது, முனியாண்டி சாமியில் தொடங்கி எனக்குப் பழக்கமே இல்லாத புனிதர்கள்வரை எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். மயக்க மருந்துக்காரர் பத்துவரை எண்ணச் சொன்னார். "ரெண்டே முக்கால்" என்றுதான் தொடங்கினேனாம். பிறகு சொன்னார்கள்.

விழித்தபோது இடுப்பில் யாரோ கவ்வாத்துக் கத்தியைச் செருகி வைத்ததுபோல இருந்தது. கையில் அவ்வளவு நோவு இல்லை. டாக்டர் வந்து, "மணிக்கட்டைத் தூக்குங்கோ பார்ப்பம்," என்றார். தூக்கினேன். தூக்கினேன் என்று நினைத்தேன். கை, தண்ணீர் காணாத கொழுந்துபோலத் தொங்கிக்கொண்டே இருந்தது.

அந்த எலும்பைச் சுற்றித்தான் மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. தகடு வைக்க அதை ஒதுக்கிப் பிடிக்கவேண்டும். அதனால் அது கொஞ்ச நாள் உறங்கும் என்றார். "எழும்பும். பெரும்பாலும் எழும்பும்." அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு நான் நாலு மாதம் குடித்தனம் நடத்தினேன். இந்திராணி தினமும் காலையில் பிள்ளைக்காம்பராவுக்குப் போகுமுன் என் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி விடுவாள். பேசமாட்டாள். ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் பெருவிரல் தானாக நிமிர்ந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சின்ன துரை மாதிரி ஒரு நட நடந்து காட்டுங்க," என்றாள். நடந்தேன். ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

எக்ஸ்ரேயில் முதலில் புகைபோல ஒரு வெண்மை வந்தது. பிறகு அது கெட்டியானது. ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. "ஒட்டி வருது" என்றார். கடைசிக் கிளினிக்கில், எக்ஸ்ரேயின் மேல்மூலையில் ஓர் ஆணியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அதைச் சுற்றி மயிரிழை அளவு கறுப்பு.

"இது ஒண்டுமில்லாமலும் இருக்கலாம். மழை குளிருக்கு நோகும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. ஆனால் பாரம் தூக்கேக்க நொந்தால், ஒரு நாளும் சுணங்காமல் வாங்கோ."

இதெல்லாம் நடந்து மூன்று வருடம். நான் மறுபடி மடுவத்தில்தான் நிற்கிறேன். கழிவும் அப்படியேதான் இருக்கிறது. அது துரைமார் சட்டம். ஆனால் என் கைக்கு மழை தெரியும் என்ற செய்தி எப்படியோ மலைக்குப் பரவிவிட்டது. ஒருநாள் நல்ல வெயிலில் நான் இரண்டு கிலோவைக் கழிக்கப் போனபோது பாக்கியக்கா என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கை வலிக்குதா கணக்கப்புள்ள?"

"இல்லக்கா."

"அப்ப ஈரமில்ல. முழுசா எழுது."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதினேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருத்தியும் பையைக் கொடுக்கும்போது கேட்பாள். வலியில்லை என்றால் முழு எடை. பக்டரியில் நிறுக்கும் எடைக்கும் என் எடைக்கும் உள்ள வித்தியாசம் சில நாள் காணாமல் போகிறதே என்று சின்ன துரை இரண்டு தடவை கேட்டுவிட்டார். சாக்கு மாற்றியிருக்கிறோம் என்றேன். எத்தனை நாள் நம்புவாரோ தெரியாது.

நேற்று மாலை மழை கொட்டியது. பெண்கள் சொட்டச் சொட்ட வந்தார்கள். பாக்கியக்கா பையை நீட்டினாள். நான் அதை இடது கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன். மேற்கைக்குள், அந்த ஆணி இருக்கிற இடத்தில், ஊசி செருகினாற்போல ஒன்று இழுத்து விட்டது. மழைக்கு வந்த வலியா, பாரத்துக்கு வந்த வலியா, எனக்குத் தெரியவில்லை. மழையும் இருந்தது, பாரமும் இருந்தது.

"வலிக்குதா?" என்றாள். சேலை உடம்போடு ஒட்டி, தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன.

"இல்லக்கா," என்றேன். முழுசாக எழுதினேன்.